முதலில் நிழல் வாசிக்கும்

வெள்ளிங்கிரி அண்ணனை நான் முதல் தடவை வேலையை விட்டு நீக்கியபோது அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்பு வழியாக அவர் தலை தெரிந்தது. பிஸ்கட்டை டீயில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்வதில் அவருக்குத் தனிக் கவனம் உண்டு. இந்தப் பக்கம், என் மேஜை மேல் இருந்த கறுப்புப் பெட்டி அவருடைய குரலிலேயே பேசியது.

"பரவாயில்லைங்க மேடம். உங்க நிலைமை புரியுதுங்க. வேற ஏதாச்சும் உதவி வேணுமுங்களா?"

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் கோகுல் சார்.

கோகுல் எங்கள் முதலாளியின் மகன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து இவர்தான் முதலாளி. பள்ளிச் சீருடையில் வந்து என் மேஜை ஸ்டேப்ளரை வைத்து விளையாடிய பையனை 'சார்' என்று கூப்பிட என் நாக்கு பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் சங்கவி. கோயமுத்தூர் கணபதியில் தண்ணீர் மோட்டார் செய்யும் இந்தக் கம்பெனியில் மனிதவள அதிகாரி. ஆளை எடுக்கும்போது சிரிப்பேன். அனுப்பும்போது தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன். இரண்டுக்கும் நடுவில் லீவு கணக்குப் பார்ப்பேன்.

"அவ்வளவுதான் சார்," என்றாள் அனீஸ் பாத்திமா. பெட்டியோடு வந்திருந்த பெண். கடிதங்களுக்குச் சான்று தரும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். "மூணு நிமிஷம்கூட ஆகல. நான் பார்த்ததுலயே இதுதான் சீக்கிரம்."

"சட்டம் கேக்குதுன்னு உங்களைக் கூப்பிட்டேன். ஆனா என்ன நடந்துச்சுன்னு எனக்குப் புரியல. கொஞ்சம் சொல்லுங்க."

அனீஸ் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். "ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பற லெட்டரை அவர் கையில குடுக்கறதுக்கு முன்னாடி அவரோட நிழல் படிக்கணும் சார். நிழல்னா வேற ஒண்ணுமில்ல. அவர் இத்தனை வருஷமா ஆபீஸ்ல பேசினது, எழுதினது எல்லாத்தையும் வெச்சு நாங்க உண்டாக்கற ஒரு ஆள். லெட்டரை அவர் எப்படி எடுத்துக்குவாரோ, இதுவும் அப்படியே எடுத்துக்கும். ஏன் போகச் சொல்றாங்கன்னு புரிஞ்சுதா, தனக்கு என்ன உரிமை இருக்குன்னு புரிஞ்சுதா, படிச்சு முடிச்சதும் ஆள் உடையாம இருக்காரா, இது மூணும்தான் பார்ப்போம். சரியா இருந்தா பச்சை. பச்சை வாங்கின லெட்டரை நீதிமன்றம் லேசுல தொடாது."

"இல்லேன்னா?"

"சிவப்பு. திரும்ப எழுதணும். போன மாசம் ஒரு கம்பெனில ஒரு அம்மாவோட நிழல் அழுதுக்கிட்டே இருந்துச்சு. அழுகை நிக்கற வரைக்கும் எழுதிக்கிட்டே இருந்தாங்க."

கோகுல் சாருக்கு ஒரே பெருமை. "நம்ம ஆளு தங்கம்ங்க. மேடம், நாளைக்கே குடுத்துருங்க."

இந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கைப்பேசியில் ஒரு வரிச் செய்தியாக வேலை பறிபோன காலம் ஒன்று இருந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைப் படித்தவர்களில் சிலர் அந்த வரியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. கடிதம் எழுதுகிற கைக்கு ஒரு பயம் இருக்கட்டும் என்று நிழலைக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம்தான்.

ஆனால் கோகுல் சார் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்திருந்த அந்த நாலு வரிக் கடிதம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். 'தங்கள் பணித்திறன் எதிர்பார்த்த அளவில் இல்லாததால் தங்களைப் பணியிலிருந்து விடுவிக்கத் தீர்மானிக்கப்பட்டுள்ளது.' உண்மையான காரணம் அது இல்லை. புகார் வாங்கும் தொலைபேசிக்குத் தானாகப் பேசும் குரல் ஒன்றை வாங்கப் போகிறார்கள். அவருடைய பணியிடமே இல்லாமல் போகிறது என்று எழுதினால் அவருக்குச் சட்டப்படி சில உரிமைகள் வரும். மறுபடி இடம் உண்டானால் அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். ஆள் சரியில்லை என்று எழுதிவிட்டால் அதெல்லாம் கிடையாது. அதைவிட, ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதர் 'திறன் போதாது' என்ற தாளைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். யார் உள்ளே விடுவார்கள்?

கோகுல் சார் போனதும் அனீஸ் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். என் மனசு ஒப்பவில்லை.

"இரும்மா. ஒண்ணு செஞ்சு பார்க்கலாமா? இதுக்கு இன்னொரு லெட்டர் படிச்சுக் காட்டணும்."

"எந்த லெட்டர் மேடம்?"

"இரு, எழுதறேன்."

கை கூசினாலும் எழுதினேன். திரு. வெள்ளிங்கிரி கம்பெனிச் சாமான்களைத் திருடி விற்றார், அதனால் இன்றே வெளியேற்றப்படுகிறார், எதுவும் கேட்க அவருக்கு உரிமை கிடையாது. அவ்வளவும் பச்சைப் பொய். வாழ்நாளில் ஒரு ஸ்க்ரூவைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத மனிதர் அவர். பெட்டி அதை வாசித்தது.

"ரொம்ப சிரமம் ஆயிருச்சுங்களா மேடம்? மன்னிச்சுக்கோணுங்க. நீங்க சொல்றது நியாயந்தானுங்க. நாங்க பார்த்து சரி பண்ணிக் குடுத்தர்றோமுங்க."

பச்சை.

அனீஸின் கையிலிருந்து வயர் நழுவிக் கீழே விழுந்தது. 

"மேடம், இவர் இங்க என்ன வேலை பார்க்கறார்?"

"புகார் ஃபோன். மோட்டார் ஓடலேன்னு திட்டறவங்க எல்லாம் இவரைத்தான் திட்டுவாங்க."

"நீங்க எங்களுக்குக் குடுத்த பேச்செல்லாம்?"

"அந்த ஃபோன் பதிவுகள்தான். இருபது வருஷத்துக்கும் மேல."

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "அதான். இது தன்னை யாரோ ஒரு கஸ்டமர் கூப்பிட்டுத் திட்டறதா நினைச்சுக்கிட்டு இருக்கு. என்ன சொன்னாலும் மன்னிப்புக் கேட்கும். இவர் தனக்காகப் பேசின பேச்சு ஏதாவது இருக்கா? மீட்டிங்ல, கேன்டீன்ல, யார்கிட்டயாவது சண்டை போட்டது?"

யோசித்துப் பார்த்தேன். கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிட்டதில்லை, ஃபோனை யார் எடுப்பது? சம்பள உயர்வு கேட்டு அவர் வந்ததில்லை. லீவு வேண்டுமென்றால் வாசலில் நின்று தலையைச் சொறிவார், நானே புரிந்துகொண்டு சரி என்பேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கம்பெனியில் யாரும் அவரிடம், 'உங்களுக்கு எப்படி இருக்கு?' என்று கேட்டு, அவர் பதில் சொல்லி, அது எங்கேயும் பதிவானதாக இல்லை. இரண்டு கட்டடம், ஒரு கோயில், ஆயுத பூஜைக்கு ஆளுக்கு ஒரு கிலோ பொரிகடலை, எல்லாம் இருந்தும் அது மட்டும் இல்லை. எனக்கு எங்கள் மேலேயே எரிச்சலாக வந்தது.

"ஒரு வழி இருக்கு மேடம்," என்றாள் அனீஸ், குரலைத் தாழ்த்தி. "தொழிலாளி விரும்பினா அவரே உட்கார்ந்து தன் நிழல்கிட்டப் பேசலாம். சட்டத்துல இருக்கு. யாரும் செய்யறதில்ல. ஏன்னா எதுக்குன்னு சொல்லித்தான் உட்கார வைக்கணும்."

கோகுல் சார் நாளைக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. திறந்தால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டே இரண்டு டீ வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன்.

"வாங்க மேடம், உக்காருங்க." எழுந்து நின்று தன் நாற்காலியையே எனக்கு நகர்த்தினார்.

"அண்ணா, உங்களுக்குக் கோவமே வராதா?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. சிரித்தார். "வராம என்னங்க. பஸ்ல போறப்ப வருமுங்க."

"பஸ்லயா?"

"எங்கூருக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கிருவேனுங்க. அங்கிருந்து நடை. அன்னைக்கு என்னைத் திட்டுனவங்களை எல்லாம் வரிசையா நிறுத்தி வெச்சு நானும் திட்டிக்கிட்டே போவேன். வாய்விட்டுத்தானுங்க. காட்டு வழி, ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள மனசு காலியாயிரும். ஊட்டுக்காரி பாவமில்லீங்களா, அவகிட்ட எதுக்கு அதைக் கொண்டுபோயிட்டு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை.

"அண்ணா, உங்க வேலை போகுது."

"பரவாயில்லைங்க மேடம்," என்றார் உடனே. நிழலுக்கும் அவருக்கும் ஒரு மூச்சுகூட வித்தியாசம் இல்லை.

"அண்ணா, இது கம்ப்ளெயின்ட் கால் இல்ல. நான்தான் பேசறேன்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். தானாகப் பேசும் குரலை, நிழலை, பச்சை விளக்கை, அவரைத் திருடன் என்று எழுதியதைக்கூட. பொறுமையாகக் கேட்டார். பிறகு கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் காது மடல் சிவந்தது.

"திறன் இல்லைன்னு எழுதியிருக்குதுங்களே."

"ஃபோன்ல ரொம்ப நீளமா பேசறீங்கன்னு கணக்கு வந்திருக்குண்ணா. மெஷின் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருமாம்."

"நீளமாத்தானுங்க பேசுவேன்." குரல் கொஞ்சம் உயர்ந்தது. நான் அதுவரை கேட்டிராத குரல். "தண்ணி விழுகற சத்தம் கேக்காம நான் ஃபோனை வெக்க மாட்டேனுங்க. அவரு போயி ஸ்விட்ச் போடோணும், மோட்டார் ஓடோணும், கொழாயில தண்ணி வரோணும். ஃபோனைக் கொழாய் கிட்டப் புடிங்கன்னு சொல்லுவேன். சத்தம் கேட்டாத்தான் எனக்கு நம்பிக்கை. காட்டுல பயிர் வாடிக் கெடக்கறப்ப, சரியாயிரும் வெய்ங்கன்னு சொல்லிட்டு வெச்சறதுங்களா? இத்தனை வருசம் இதை ஒருத்தரும் கேக்குல. இப்ப தப்புன்னு எழுதறீங்க. வேலை போறது போகட்டும். இது எனக்குப் புடிக்கலீங்க மேடம். சுத்தமாப் புடிக்கல."

சொல்லிவிட்டு அவரே பயந்துபோய்க் கதவைப் பார்த்தார்.

"இதைத்தாண்ணா நீங்க அந்தப் பெட்டிக்கிட்டச் சொல்லணும்."

மத்தியானம் முழுக்க அவர் நிழலிடம் பேசினார். ஃபோனை யாராவது எடுத்தாக வேண்டுமே, நான் எடுத்தேன். முதல் அழைப்பிலேயே ஓர் ஆள் என் பரம்பரையை இழுத்தான். இரண்டாவது ஆளுக்கு மோட்டாரில் பிரச்சனை இல்லை, மின்சாரமே இல்லை. அதைச் சொன்னதற்கும் திட்டினான். சாயங்காலத்துக்குள் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல ஆகிவிட்டது. ஒரே ஒரு பாட்டியம்மா மட்டும், "வெள்ளிங்கிரி இல்லையா சாமி? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

மறுநாள் அதே நாலு வரிக் கடிதத்தைப் புதிய நிழல் வாசித்தது. வெள்ளிங்கிரி அண்ணன் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுல யாருங்க என்னை அனுப்பறது?" என்றது நிழல். "தீர்மானிக்கப்பட்டுள்ளதுன்னா ஆரு தீர்மானிச்சாங்க? பேரைப் போடறதுக்கு என்னங்க கூச்சம்?"

சிவப்பு விளக்கு.

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் இப்புடியெல்லாம் பேசுவனுங்களா மேடம்?"

"பேசுவீங்கன்னு பெட்டி சொல்லுதே."

"பரவாயில்லையே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

சிவப்பைப் பார்க்க கோகுல் சார் வந்தார். நான் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு என் மேல் பாய்ந்தார்.

"நேத்தே பச்சை வந்துச்சு. எதுக்கு இந்த வேலை? நீங்க கம்பெனி ஆளா, அவர் ஆளா?"

"கம்பெனி ஆளுதான் சார். அதனாலதான். நேத்து நான் அவரைத் திருடன்னு எழுதிக் காட்டினேன். அதுக்கும் பச்சைதான் வந்துச்சு. நாளைக்கு ஒரு வக்கீல் இதைக் கேட்டா நம்ம சான்று நிக்குமா?"

"அது எப்படி வெளிய தெரியும்?"

"நான் எழுதித்தான் சார் ஆகணும்," என்றாள் அனீஸ். "நேத்துப் பச்சை செல்லாதுன்னு எங்க ஆபீஸுக்கு அறிக்கை அனுப்பியாச்சு. எங்க மேலயும் தப்பு இருக்கு. ஃபோன் பேச்சை மட்டும் வெச்சு நிழல் கட்டினது நாங்கதான்."

கோகுல் சார் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவசரக்காரர், அவ்வளவுதான். திரும்பாமலேயே கேட்டார்.

"என்னதான் எழுதணும்ங்கறீங்க?"

"உண்மையை சார். அதை எழுதினா சட்டப்படியும் சரியா இருக்கும்."

"அந்தக் குரலை நான் வாங்கத்தான் போறேன். அதுல மாற்றம் இல்ல."

"வாங்குங்க சார். நீங்க வாங்கறதாலதான் அவர் போறார்னு எழுதறேன்."

தன்னை வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தைத் தானே பக்கத்தில் உட்கார்ந்து திருத்திய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 'காலத்தின் கட்டாயத்தால்' என்று ஆரம்பித்தேன். "காலமா மேடம் என்னை அனுப்புது? அதுக்கு என்னைத் தெரியுமுங்களா?" என்றார். அதை அடித்துவிட்டேன். 'மிகுந்த வருத்தத்துடன்' என்று போட்டேன். "உங்களுக்கு வருத்தம்னா எனக்குத் தெரியுமுங்க. கம்பெனிக்கு வருத்தம்னு சொன்னா நானே நம்ப மாட்டேன். நிழல் நம்புமுங்களா?" என்றார். நிழலும் நம்பவில்லை. 'தாங்கள்' என்பதைப் பார்த்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றார். இப்படியே போனது. நடுவில் ஃபோன் அடித்தால் ஓடிப்போய் எடுத்து, தண்ணீர் விழும் வரை பேசிவிட்டு வந்து, "எங்க விட்டமுங்க?" என்பார்.

கடைசியில் வந்த கடிதம் இது.

'அன்புள்ள திரு. வெள்ளிங்கிரி அவர்களுக்கு,

வரும் மாதக் கடைசியோடு உங்கள் பணி முடிவடைகிறது. இதற்குக் காரணம் உங்கள் வேலையில் உள்ள குறை அல்ல. புகார்ப் பிரிவில் தானியங்கிக் குரலைப் பயன்படுத்த நான் முடிவு செய்திருக்கிறேன். அதனால் உங்கள் பணியிடமே இல்லாமல் போகிறது.

சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது அனைத்தும் கடைசி நாளன்றே உங்கள் கைக்கு வரும். விவரம் தனித் தாளில் உள்ளது. இந்த முடிவு தவறு என்று நீங்கள் கருதினால் தொழிலாளர் அலுவலரிடம் முறையிடலாம். கீழே நீங்கள் இடும் கையெழுத்து, கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டுமே. உங்கள் உரிமை எதையும் அது குறைக்காது. உங்களுக்குப் பொருத்தமான பணியிடம் இங்கே மீண்டும் உண்டானால் முதலில் உங்களையே அழைப்போம்.

புகார் சொன்னவர்களின் குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்ட பிறகே நீங்கள் தொலைபேசியை வைத்தீர்கள். உங்கள் அழைப்புகள் நீண்டதற்கு அதுவே காரணம். அதை நாங்கள் விசாரிக்காமல் குறை என்று எண்ணினோம். உங்களுக்கு நாங்கள் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.'

நிழல் வாசித்து முடித்தது. பிறகு, "எனக்குப் போகப் புடிக்கலீங்க," என்றது. "ஆனா இதுல பொய் இல்லீங்க. நான் வாங்கிக்கறேன்."

பச்சை எரிந்தது. இப்போது அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இல்லை.

கையெழுத்துப் போட வந்த கோகுல் சார் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தார். "நிஜமாவே தண்ணி சத்தம் கேட்டுட்டுத்தான் வெப்பாரா? அப்பாவுக்கு இது தெரியுமா?" என்றார். யாருக்கும் தெரியாது சார் என்றேன். கையெழுத்துப் போட்டார். புதுக் குரலும் அப்படிக் காத்திருக்குமா என்று அதை விற்றவர்களிடம் கேட்டுப் பார்த்ததாகப் பின்னால் சொன்னார். அதற்குத் தனியாக ஒரு கருவி வேண்டுமாம். அந்தப் பேச்சு அத்தோடு நின்றுபோனது.

கடிதத்தை நான் கொடுக்கவில்லை. கோகுல் சாரே கொடுத்தார், நின்றுகொண்டு. ஒவ்வொரு எழுத்தும் தெரிந்திருந்தும் வெள்ளிங்கிரி அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். கண் கலங்கியது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க மேடம்," என்றார் என்னிடம்.

வேலையை விட்டு அனுப்பியதற்கு எனக்கு நன்றி சொன்ன முதல் ஆள் அவர்தான். நான்தான் சொல்ல வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். என் வேலை என்ன என்பதையே அந்த இரண்டு மூன்று நாளில் அவர்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தார். தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

அனீஸின் அறிக்கை மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. தொழிலாளி தானே பேசாத நிழல் இனி செல்லாது என்று விதியைத் திருத்தினார்கள். அப்படிப் பேச வைக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க, ஆள் வேண்டுமே? ஆபீஸில் வாயே திறக்காதவர்களைத் திறக்க வைக்கிற ஆள். அனீஸின் நிறுவனம் முதலில் கூப்பிட்டது வெள்ளிங்கிரி அண்ணனைத்தான். அவர் என்னை ஃபோனில் கூப்பிட்டு, "ஃபோன் எடுக்கற வேலை இல்லீங்க மேடம், காது குடுக்கற வேலையாமா," என்று சொன்னபோது நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். எந்தக் கடவுள் என்று பார்க்கவில்லை, கோயமுத்தூரில் இருக்கிற எல்லோருக்கும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் கம்பெனிக்கும் வந்து போனார். சுருள் சுற்றும் பிரிவில் இரண்டு பேருக்கு, பெயிண்ட் கூடத்தில் ஒருவருக்கு. அவர் கேட்டுக்குள் நுழைந்தால் யாருக்கோ இடம் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவரைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்பியதில்லை. வாட்ச்மேன் அவருக்கு டீ சொல்லி அனுப்புவார். கடிதங்களை நானே எழுதினேன். அவர் பேச வைத்த நிழல்கள் என்னைப் படாத பாடு படுத்தின. அப்படிப் போன இரண்டு வருஷத்தில் நான் எழுதிய ஒரு கடிதத்துக்காகவும் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மறுபடி வந்தார். சட்டைப் பையில் அடையாள அட்டை, கையில் பெட்டி. எனக்குச் சந்தோஷம்.

"வாங்கண்ணா. வர்றதா யாரும் சொல்லவே இல்லியே. காபியா, டீயா?"

"எதுவும் வேண்டாமுங்க."

"இந்தத் தடவை யாருக்கு? அசெம்ப்ளிலயா? எனக்கு லெட்டர் எழுதச் சொல்லி இன்னும் தகவல் வரலியே."

அவர் எதிர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைக்கு இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில் போட்டார். பெட்டியைத் தரையில் வைத்தார்.

"கதவைச் சாத்திட்டு வரட்டுங்களா, அம்மிணி?"

அவர் என்னை அதுவரை மேடம் என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மாதமாகவே கோகுல் சார் என் அறைப் பக்கம் வருவதில்லை. ஆள் எடுப்பதையும் அனுப்புவதையும் சென்னையில் ஒரு நிறுவனம் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளப் போகிறது என்று காற்று வாக்கில் காதில் விழுந்திருந்தது. நான்தான் அதை நம்பவில்லை.

"அறிவிப்புக் காலம் முறைப்படி குடுத்திருப்பாங்க," என்றேன். "விதிகளுக்கு உட்பட்டுத்தான் எல்லாம் நடக்கும். நிர்வாகத்தோட சூழ்நிலையை என்னால புரிஞ்சுக்க முடியுது."

"இதையேதானுங்க உங்க நிழலும் சொல்லுச்சு," என்றார் மெதுவாக. "நேத்து ஆபீஸ்ல கேட்டேன். நீங்க இத்தனை வருசமா எழுதுன லெட்டரை எல்லாம் வெச்சு, சோதனைக்கு நிழலை ஓட்டிப் பார்த்தாங்க. எதைப் படிச்சாலும் விதிப்படி சரிதான்னு சொல்லுது. அனீஸ் பாப்பா தலையில கையை வெச்சுக்கிட்டா. எங்க மேடம் அப்புடி இல்லீங்க, நான் போறேன்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்."

வேறு யாராவது வந்திருந்தால் நான் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டிருப்பேன். வந்தது இவர் என்பதில் எனக்கு அப்போது உண்டான நன்றியை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"எனக்கு ரொம்பக் கோவமா வருதுண்ணா," என்றேன்.

அவர் குனிந்து பெட்டியின் பொத்தானை அமுக்கினார். "சொல்லுங்க அம்மிணி. அடுத்த எடத்துக்கு இன்னைக்கு வரலைன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."